ரயிலடியிலிருந்து செல்லப்பாக்கியம் அம்மா வீடு வரை

1

கதை எழுதவேண்டும் என்று நான் உட்காரவில்லை. எங்கள் வாசகசாலையின் ஆண்டு மலருக்குக் காரியதரிசி தியாகராஜா என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘ஜொகூர் பாருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ரயிலடியில் இறங்கி, அதிகச் செலவில்லாமல் தங்குமிடம் போய்ச் சேருவது எப்படி?’ இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

“உமக்குத்தான் இந்த ஊர்ச் சந்து பொந்தெல்லாம் தெரியும், சபாபதி. பிரயோசனமா எழுதும்” என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பிரயோசனமில்லாத எதையும் அச்சில் ஏற்ற அவருக்கு மனம் வராது. கூடவே, “சிங்கப்பூரில போன வருஷம் விமானத் திடல் திறந்திட்டாங்கள். ஆகாயத்தில வாறவைக்கும் ரெண்டு வரி போடும்” என்றார். ஆகாயத்தில் வருகிறவன் மலிவான அறை தேடி ஏன் அலையப்போகிறான் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

சரியென்று எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி நன்றாகவே வந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் சாமான்களை எண்ணிக்கொள்க. வாசலில் மொய்க்கும் ரிக்‌ஷாக்காரர்களிடம் கூலியை முன்னதாகவே பேசிக்கொள்க. அடைமழைக் காலத்தில் குடை அவசியம். இரண்டாம் பத்தியை இப்படித் தொடங்கினேன்:

தனியாக வரும் பெண்கள்—

அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த வாக்கியத்தை முடிக்க நான் பட்ட பாடு. தியாகராஜா இதை மலரில் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

2

முதலில் இதை வேறொருவன் கதையாக எழுதிப் பார்த்தேன். தொடக்கம் இப்படி இருந்தது:

‘கனகராஜ் என்னும் வாலிபன், எதிர்காலத்தைப் பற்றிய இனிய கனவுகளுடன், ஒரு மழைநாளின் மாலை வேளையில்—’

அடித்துவிட்டேன். கனகராஜ் என்று யாரும் கிடையாது. இனிய கனவும் கிடையாது, பயம்தான் இருந்தது. அந்த வாலிபன் நான்தான். இதைக் கடைசிவரை மறைத்து வைத்து, கடைசிப் பகுதியில் படாரென்று அவிழ்க்கலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் நீங்கள் ஏமாளிகள் இல்லை. பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டு, மீதியை என் தந்திரத்தை ரசிப்பதில் செலவழிப்பீர்கள். எனக்கு அந்த ரசனை வேண்டாம்.

ஆகவே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1927ஆம் வருஷம், நவம்பர் மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஜொகூர் பாருவில் ஒரு சர்க்கார் கந்தோரில் கீழ்நிலைக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு நேரில் வரச்சொல்லி எழுதியிருந்தார்கள்.

அந்த மனுவில் ‘தகப்பனார் தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதியிருந்தேன். என் தகப்பனார் அய்யாவு, யோங் பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கேயே அவரோடு பால் எடுத்து வளர்ந்து, ஒரு தூரத்து மாமா தயவில் பத்து பகாட்டில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவன் நான். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கூலிக்காரன் மகனைக் கந்தோர் நாற்காலியில் உட்காரவைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வைக்கமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.*

* இந்த நட்சத்திரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது. வர எனக்கு விருப்பமில்லை.

3

அவள் பெயர் வெள்ளையம்மா. ரெங்கத்தில் ரயில் ஏறினாள். பெஞ்சில் இடமிருந்தும் கீழே மூட்டையின்மேல் உட்கார்ந்து வந்தாள். வயது முப்பது இருக்கலாம். சேலையின் நிறம் முதல் பிரதியில் பச்சை, இரண்டாவதில் அரக்கு, மூன்றாவதில் நிறமே எழுதவில்லை. உண்மையில் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்தச் சேலையில் முழங்காலுக்குக் கீழே திட்டுத் திட்டாகக் கறுத்திருந்த பால்கறை ஞாபகமிருக்கிறது. ரப்பர் பால் பட்ட துணியை எத்தனை தரம் துவைத்தாலும் அது போகாது. என் அம்மாவின் சேலைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் வண்டியில் மூன்று மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரயிலடி வாசலில் மழை. குடையில்லாதவர்கள் கூரையின்கீழ் ஒதுங்கி நின்றோம். ஐந்தரை மணி இருக்கும்.

“தம்பி, கொஞ்சம் இதைப் படிச்சுச் சொல்றீங்களா?”

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கவரின் ஓரம் வேர்வையில் நைந்திருந்தது.

“நானா?”

“கோட்டுப் போட்டிருக்கீங்களே. இங்கிலீசு தெரியும்னு நெனச்சேன்.”

தெரியும். அந்தக் கோட்டு இரவல் வாங்கியது, அது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய தோட்டத்துத் துரைசாணி இந்த ஊரிலிருக்கும் இன்னொரு துரைசாணிக்கு எழுதிய கடிதம் அது. இவள் பெயர் வெள்ளையம்மா, நம்பிக்கையானவள், என் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவள், உங்கள் குழந்தைக்கு ஆயாவாக இவளை எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் சிங்கப்பூருக்கு வீடு மாற்றுகிற அன்று காலை ஏழு மணிக்கு இவள் உங்கள் பங்களாவில் இருப்பாள். அந்த நாள் மறுநாள். பங்களா மேட்டில் இருந்தது.

வாசித்துத் தமிழில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“எம்பேரு அதுல எங்கே இருக்கு, தம்பி?”

காட்டினேன். விரலை அதன்மேல் படாமல், ஒரு நூல் உயரத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

[இங்கே அவளை அழகாக நாலு வார்த்தை பேசவைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். பிரதியில் ஒரு பக்கம் பேசினாள். எல்லாம் நான் பேசியது. அவள் உண்மையில் சொன்னதை மட்டும் கீழே தருகிறேன்.]

“வீட்டுக்காரரு செத்து ரெண்டு வருசமாச்சு. கங்காணி ராத்திரியில வந்து கதவத் தட்டறான். தொரசாணிகிட்ட அழுதேன், அவுங்கதான் இதை எழுதிக் குடுத்தாங்க. நாளைக்கு அந்தம்மா கூடப் போயிட்டேன்னா பொழச்சேன். திரும்பிப் போனா அந்தாளு விடமாட்டான், தம்பி.”

இன்று ராத்திரி எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். இங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்றாள். ரயிலடியில் இருக்கவிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஓர் இடம் தெரியும் அக்கா, வாங்க, என்றேன்.

அக்கா என்று கூப்பிட்டேன். வேறெப்படிக் கூப்பிடுவது? நம் ஆட்கள் வாயில் அது தானாக வரும். முகம் தெரியாத பெண்ணைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம், யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

அவள் கடிதத்தை மடித்து—

(இந்த வாக்கியத்தையும் இப்போது முடிக்கப்போவதில்லை.)

மறுபடியும் 3

ரிக்‌ஷா விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. ஆகையால் விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும்.

சீன ரிக்‌ஷாக்காரன் என்னைப் பார்த்து, “துவான் நாய்க்” என்றான். அவளைப் பார்த்து, அவள் மூட்டையைப் பார்த்து, “தா போலே” என்றான். ஐயா ஏறலாம், அவள் கூடாது. நான் ஏறிக்கொள்ள அவள் பின்னால் ஓடிவரட்டும் என்று கையால் ஜாடை காட்டினான். “நீங்க ஏறுங்க தம்பி, நா வேகமா நடப்பேன்” என்று அவளும் சொன்னாள். நான் ஏறவில்லை. மழை தூறலானதும் இருவரும் நடந்தோம்.

வழிகாட்டிக்கு உதவட்டும் என்று வழியையும் எழுதிவிடுகிறேன். ரயிலடியை விட்டு வெளியே வந்து, கடல் வாடை வரும் பக்கம் திரும்பாமல், செகெட் ஆற்று நாற்றம் வரும் பக்கம் திரும்பவேண்டும். மூக்கு இருந்தால் போதும், யாரையும் கேட்கவேண்டாம். கடைவீதியில் மரப்பெட்டிக் கடை, சாயக்காரக் கடை, அப்புறம் காப்பிக் கடை. காப்பிக் கடையை ஒட்டிய சந்தில் மாடிப்படி. மாடியில் செல்லப்பாக்கியம் அம்மா வீடு. கல்யாணமாகாத குமாஸ்தாக்களுக்குக் கட்டில், குடும்பங்களுக்குப் பின்புறம் இரண்டு அறை, எல்லோருக்கும் சாப்பாடு. பத்து பகாட் வாத்தியார் எனக்குச் சொல்லியிருந்த இடம்.

காப்பிக் கடை வாசலில் அவள் கொஞ்சம் நின்றாள். தெருக்குழாயில் முகத்தைக் கழுவி, சேலைக் கொசுவத்தை இப்படியும் அப்படியும் மாற்றிப் பால்கறையை உள்பக்கம் மடித்துக் கட்டிக்கொண்டாள்.

“இப்ப தெரியுதா, தம்பி?”

“தெரியலக்கா” என்றேன். தெரிந்தது.

4

செல்லப்பாக்கியம் அம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதினால் கதைக்கு நல்லது. எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நாற்பத்தைந்து வயது யாழ்ப்பாணத்து விதவை, நேர்மையானவர், சுத்தமானவர். தன் வீட்டைப் பற்றி நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று பயந்தவர். நானும் என்னைப் பற்றி அதே பயத்தில்தான் படியேறினேன்.

மேசையின்மேல் பெரிய கொப்பி ஒன்று விரிந்து கிடந்தது. என் பெயரை எழுதினார். தொழில், வந்த காரியம் கேட்டார். கந்தோர் பேரைச் சொன்னேன்.

“அட, இவரைப் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்!” என்று பக்கத்துச் சாய்வு நாற்காலியைக் காட்டினார். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஏரம்பமூர்த்தி. அந்தக் கந்தோரின் தலைமைக் குமாஸ்தா. மறுநாள் காலை என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்கப்போகிறவர். அம்மா வீட்டில்தான் அவருக்கு இரண்டு வேளையும் சாப்பாடாம்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால், கடைசிப் படியில் மூட்டையோடு நின்றவளைப் பார்த்தார்.

செல்லப்பாக்கியம் அம்மாவும் பார்த்தார்.

“தம்பி, இவ உமக்கு ஆர்?”

நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

“தனிப் பொம்பிளையளுக்கு நான் இடம் குடுக்கிறதில்லை. உம்மோட வந்தவ எண்டால் பின்னறை ஒண்டு சும்மாதான் கிடக்கு. என்ன முறை எண்டு சொல்லும், எழுதிவிடுறன்.”

பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். இதை நீங்கள் கவனிக்கவேண்டும்: அவர் கதவை மூடவில்லை, திறந்துதான் வைத்திருந்தார். பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை. ரயிலடியிலிருந்து அங்கே வரும்வரை இருபது தரமாவது வாய் நிறையக் கூப்பிட்ட அந்த ஒரு சொல்லை இன்னொரு தரம் சொன்னால் போதும். கொப்பியில் ஏறிவிடும். அவளுக்கு அறை.

ஆனால் அது கொப்பியில் ஏறினால், பால்கறைச் சேலை கட்டிய இவள் என் அக்கா. இவள் என் அக்காவென்றால் நான் யார்? என் தகப்பனார் என்ன வியாபாரம் செய்கிறார்? ஏரம்பமூர்த்தி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு யாருமில்லீங்க” என்றேன். “ரயிலடியில…”

[வாக்கியம் பாதியில் நிற்பது எழுத்துப் பிழையில்லை. அன்றும் அங்கேதான் நின்றது.]

மீதியை அவள் முடித்தாள். ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டு, செல்லப்பாக்கியம் அம்மாவிடம் சொன்னாள்:

“ஆமாங்கம்மா. வழி தெரியாம நின்னேன். இந்த ஐயாதான் இரக்கப்பட்டு வழி காட்டுனாங்க. ஐயாவுக்கு என்னைத் தெரியாது.”

அதுவரை தம்பி, தம்பி என்று கூப்பிட்டவள் அப்போது ஐயா என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்திருக்கிறாள், விஷயம் புரிந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனாள்.

மரப்படியில் அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஏரம்பமூர்த்தி, “இரும், சாப்பிடுவம்” என்றார்.

5

பாதியில் விட்ட ஒரு வாக்கியம் பாக்கியிருக்கிறது. இப்போது முடிக்கிறேன்.

அவள் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். “முந்தியில முடிஞ்சா நனைஞ்சு எழுத்து கலைஞ்சுரும். கோட்டுப் பையில வச்சிருங்க தம்பி, அங்க போனதும் வாங்கிக்கிறேன்.”

சாப்பிட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்து ஆணியில் கோட்டை மாட்டும்போதுதான் கையில் அது தட்டுப்பட்டது. அவள் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. எங்கே போயிருப்பாள்? ரயிலடிக்குத்தான். நடந்தால் பத்து நிமிஷம்.

படிக்குப் போக முன்கூடத்தைத் தாண்டவேண்டும். முன்கூடத்தில் ஏரம்பமூர்த்தி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இந்த மழையில் எங்கே போகிறீர் என்று கேட்பார். என்ன சொல்வது?

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் ஏழு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். மேட்டுக்குப் போய்வந்தால் சேறாகிவிடும் என்று நினைத்தது நன்றாக ஞாபகமிருக்கிறது.

எட்டு மணிக்குக் கந்தோர். வேலை கிடைத்தது.

6

இப்படி விட்டால் நன்றாக இல்லை. சில முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) வெள்ளையம்மா கோயில் மண்டபத்தில் படுத்துவிட்டுக் காலையில் மேடேறிப் போகிறாள். கடிதம் கையில் இல்லை. துரைசாணி அவள் முகத்தைப் பார்த்தே நம்பி, குழந்தையைக் கையில் கொடுக்கிறாள். இரண்டு வருஷம் கழித்துச் சிங்கப்பூர் கடற்கரையில் தள்ளுவண்டியோடு அவளைப் பார்க்கிறேன். சிரிக்கிறாள்.

இந்த முடிவை நான் மிகவும் விரும்பினேன். ஆனால் மூன்று வாரம் கழித்து அந்தப் பங்களாவுக்குப் போனேன். ஆமாம், போனேன். ஆபத்து எல்லாம் தீர்ந்த பிறகு போனேன். காவல்காரன் மட்டும் இருந்தான். ஒரு தமிழ்ப் பெண் வந்தாளாம். கடிதம் இருக்கிறது, இருக்கிறது என்றாளாம், காட்டவில்லையாம். கேட்டுக்கு வெளியே கார் புறப்படும்வரை நின்றாளாம். துரைசாணி கூட்டிப் போனது ஒரு சீன ஆயாவை.

(ஆ) அவள் மறுநாள் காலை கந்தோர் வாசலில் காத்திருந்து, ஏரம்பமூர்த்தி பார்க்க என் கன்னத்தில் ஓங்கி அறைகிறாள். “குடுடா என் கடுதாசிய!” இந்த முடிவுதான் எனக்கு வேண்டும். பதினோரு வருஷமாக வேண்டும். கடிதம் யாரிடம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், செல்லப்பாக்கியம் அம்மா வீடும் தெரியும். மறுபடி வந்து படியேறியிருக்கலாம். ஏன் வரவில்லை? ஐயாவுக்கு என்னைத் தெரியாது என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை என்னைப்போல மாற்ற அவளுக்கு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

(இ) அவள் ரெங்கத்துக்குத் திரும்பிப் போகிறாள். அதற்குப் பிறகு—

முடியாது. ரெங்கம் வழியாக எத்தனையோ தரம் ரயிலில் போயிருக்கிறேன். வண்டி நிற்கும். இறங்கியதில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்று இறங்கவில்லை.

7

நட்சத்திரம் போட்ட இடத்துக்கு வரவேண்டும்.

போன மாதம் ஏரம்பமூர்த்திக்குப் பென்ஷன். தேநீர் விருந்து முடிந்து எல்லோரும் போனபிறகு, அவர் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று கேட்டார்:

“சபாபதி, அண்டைக்கு உம்மோட வந்த அந்தப் பெண்பிள்ளை, அவ உம்மட ஆக்கள்தானே?”

நான் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டேன்.

“நீர் தோட்டத்துப் பிள்ளையெண்டு உம்மட நகத்தைப் பார்த்த உடனேயே தெரியும், ஐசே. பால் பட்ட நகம் எங்க மறையப்போகுது? உம்மட கையெழுத்து வடிவா இருந்துது, அதுதான் எடுத்தன். தேப்பன் என்ன செய்தால் எனக்கென்ன? ஆனா ஒண்டு. அண்டைக்கு அவவுக்கு ஒரு வார்த்தை சொல்லுவீர் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்.”

அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. எழுத்து ஒன்றும் கலையவில்லை, அவள் பெயர் தெளிவாக இருக்கிறது. அதற்கு மறுநாள்தான் தியாகராஜா வழிகாட்டிக் கட்டுரை கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைக் கதைக்குள் எங்கே வைப்பதென்று தெரியவில்லை, இங்கேயே வைத்துவிடுகிறேன்.

முடிவை என்னால் எழுத முடியாது. வழிகாட்டியைத்தான் எழுத முடியும். எழுதுகிறேன், பிரயோசனமாக இருக்கும்.

ரயிலடியில் இறங்கினீர்களா? மழை தூறினால் பரவாயில்லை, நடந்தே போகலாம். செகெட் ஆற்றுப் பக்கம் திரும்புங்கள். மரப்பெட்டிக் கடை, சாயக்காரக் கடை, காப்பிக் கடை. குழாயடியில் உங்கள் கூட வருகிறவள் சேலையை மடித்துக் கட்டிக்கொள்ளும்வரை கொஞ்சம் நில்லுங்கள். சந்துக்குள் போய்ப் படியேறுங்கள். மேசையில் கொப்பி விரிந்திருக்கிறது. நாற்காலியில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உங்களைப் பார்க்கிறார். செல்லப்பாக்கியம் அம்மா பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு கேட்கிறார்: இவ உமக்கு ஆர்?

சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவள் ஒரு படி கீழே இறங்கி, வாயைத் திறக்கப்போகிறாள்.